பதினெட்டாவது படி

முன்னொரு காலத்தில், அரண்மனைக் கிணறு வற்றாத காரணத்தால் ஆற்றங்கரைப் பக்கமே போகாத அரசர் ஒருவர் இருந்தார். ஆடிப்பெருக்குதோறும் அமைச்சர் தாண்டவராயர் வந்து, "படித்துறையில் பதினெட்டுப் படியும் முழுகிவிட்டன, மன்னா" என்பார். அரசரும் மகிழ்வார்.

ஓர் ஆண்டு ஆடி பிறந்ததும் அரசருக்கு ஓர் ஆசை வந்தது. படகு விட்டு விளையாட ஏரி வெட்டி, ஆற்றை அதில் திருப்பிவிட வேண்டும்.

"வேண்டாம், மன்னா" என்றான் அரசவை விகடன் வேம்பையன். "படித்துறை மண்டபத் தூணைப் பாருங்கள். வெள்ளம் விட்டுப்போகும் கறை ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்குகிறது. வெயில் ஏறுகிறது. மழை மாதம் தவறுகிறது."

சபையில் அவனுக்கிருந்த செல்வாக்கைக் கண்டு நெடுநாளாகப் புழுங்கிய தாண்டவராயர் எழுந்தார்.

"பெருக்கு வரும் வேளையில் அபசகுனம் பேசுகிறான்! ஆற்றை இவ்வளவு அறிந்தவன், பெருக்கன்று அந்தப் பதினெட்டுப் படித் தண்ணீரையும் இந்தச் சபைக்கே கொண்டுவந்து காட்டட்டுமே!"

"அப்படியே ஆகட்டும். ஒரு படி குறைந்தாலும் தலை போகும்" என்றார் அரசர்.

பெருக்கன்று வேம்பையன் மாட்டு வண்டியில் வந்தான். வண்டியில் இருந்தவை அரிசி அளக்கும் பித்தளைப் படிகள், பதினெட்டு.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாம் கேட்டது ஏறுகிற படி. இவன் கொண்டுவந்தது அளக்கிற படி! தாண்டவராயரே, தோற்றீர்!"

வேம்பையன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படியாக அண்டாவில் ஊற்றினான். கடைசிப் படியைக் கவிழ்த்தபோது ஈர மணல் மட்டும் பொத்தென்று விழுந்தது.

சிரிப்பு நின்றது.

"ஒரு படி குறைகிறது, மன்னா. ஊற்றுத் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். ஆற்றில் இருந்ததே இவ்வளவுதான்" என்று குனிந்து கழுத்தைக் காட்டினான்.

அரசர் எழுந்தார், பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் ஆற்றுக்கு நடந்தார். காலிப் படியோடு வேம்பையனும், அமைச்சரும் பின்தொடர்ந்தார்கள். படிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. ஒன்றில் வெள்ளாடு படுத்திருந்தது. அதற்கப்பால் மணல், கண் எட்டும்வரை மணல். தூணில் கறைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கி, அடிக்கல்லில் முடிந்திருந்தன. அரசர் கடைசிக் கறையைத் தொட்டார்.

பிறகு திரும்பிக் கேட்டார்: "இதை நீர் கடைசியாக எப்போது பார்த்தீர், தாண்டவராயரே?"

"பார்த்ததில்லை, மன்னா. என் தகப்பனார் ஆண்டுதோறும் சொன்னதையே நானும் சொல்லிவந்தேன்."

ஏரி வெட்டும் ஆசை அங்கேயே போனது. அதற்காகத் திரட்டிய ஆட்களை மேட்டுக் கண்மாய்களைத் தூர்வார அனுப்பினார் அரசர். பிறகு காலிப் படியை அமைச்சர் கையில் கொடுத்தார்.

"நிரப்பும். இது நிறைந்த பிறகு இவன் தலையைப் பற்றிப் பேசலாம்."

தாண்டவராயர் பட்டு வேட்டியோடு ஊற்றுக்குழியில் மண்டியிட்டுக் கொட்டாங்கச்சியால் சுரண்டினார். அதைக் கண்டு அரசரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டு, "பிழைத்தாயடா!" என்றார்.

"தலை போனாலும் போகட்டும், மன்னா" என்றான் வேம்பையன். "அந்தப் படி நிறையட்டும்."