ராஜாவைக் கேட்ட கேள்வி

முன்னொரு காலத்தில் நெடுங்கரைச் சீமையை விசயரங்க பூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்ன ஆண்டான், பேச ஆளில்லாமல் தவித்தான்! அந்த அரண்மனையில் ஒரு பாழாய்ப்போன வழக்கம். ராஜா கேட்டால் பதில் சொல்லலாம். ராஜாவை யாரும் எதையும் கேட்கக் கூடாது. ராணி ஒருத்திதான் கேட்பாள். அவளும் போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆயிற்று.

ஒருநாள் இங்கிலீஷ் கப்பல்காரன் ஒருவன் சபைக்கு வந்தான். அவன் பேச்சைத் தமிழில் சொல்ல, சவரிராயன் என்ற துபாஷியும் கூட வந்தான். கப்பல்காரன் வாயில் வார்த்தைக்கு வார்த்தை 'ரன்'.

"அதென்ன ஓய் ரன்?" என்றான் ராஜா.

"ஆள் ஓடினாலும் ரன், மகாராஜா. ஆறு ஓடினாலும் ரன். கடை நடத்தினாலும் ரன். மூக்கு ஒழுகினாலும் அதே ரன்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். எத்தனை வருஷத்துச் சிரிப்போ! "தினம் ஓர் அர்த்தம் சொல்லும். எல்லாம் முடிந்தால்தான் ஊருக்குப் போகலாம்" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

கப்பல்காரன் போய்விட்டான். சவரிராயன் மாட்டிக்கொண்டான், பாவம். ஊரில் பெண்டாட்டி பிள்ளை பெற்றாள். இவன் முகம் பார்க்கவில்லை. ராஜாவின் ஆள் என்று பயந்து இவனிடம் யாரும் பேசவுமில்லை. கடைசியில், துணியில் சாயம் போனாலும் ரன் என்பதுவரை சொல்லித் தீர்த்துவிட்டு, "அவ்வளவுதான் மகாராஜா" என்று கும்பிட்டான்.

ஆஸ்தானப் புலவர் செம்பொற்சோதிக்கு அவன்மேல் ஏற்கெனவே வயிற்றெரிச்சல். "புளுகுகிறான் பிரபு! இன்னும் ஒளித்து வைத்திருக்கிறான். சிறையில் போட்டால் கக்குவான்" என்றார்.

"நாளைக்குப் புது அர்த்தம் வர வேண்டும். இல்லையென்றால் சிறைதான்" என்றான் ராஜா.

மறுநாள் சவரிராயன் வந்து நின்றான். "ஒன்று பாக்கி, மகாராஜா. அதற்குத் தங்களை நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்."

சபை வாயைப் பிளந்தது. ராஜாவுக்கு ஆசை தாங்கவில்லை. "கேளும்!"

"மகாராஜா, சாப்பிட்டாச்சா?"

"இல்லை ஓய்" என்றான் ராஜா. "நாலு பேர் ருசி பார்த்து என்னிடம் வருவதற்குள் சோறு ஆறிப்போகிறது. கடைவாய்ப் பல் வேறு வலி. அவள் இருந்தால் மோரில் பிசைந்து கொடுப்பாள்..." சொல்லிக்கொண்டே போனான். கண் கலங்கியது. வெகு நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. "ஆமாம், இது ரன்னுக்கு எந்த அர்த்தம்?"

"எதுவுமில்லை, மகாராஜா. ரன்னுக்கு அர்த்தம் தீர்ந்துபோச்சு. தங்களுக்குப் பேசத்தானே ஆள் வேண்டும்? என்னையும் இந்த ஊரில் யாரும் இதைக் கேட்கவில்லை. வீட்டில் அவள் கேட்பாள்."

"ராஜத் துரோகம்! ராஜாவையே கேள்வி கேட்டுவிட்டான்!" என்று குதித்தார் புலவர்.

"உட்காரும் ஓய்! பதினொரு வருஷமாக என் பக்கத்தில் இருக்கிறீர். நான் பட்டினி என்று தெரியுமா உமக்கு? இனி தினம் மத்தியானம் வந்து நீர்தான் என்னைக் கேட்க வேண்டும்" என்றான் ராஜா. துபாஷிக்குக் குதிரையும் பொற்கிழியும் கொடுத்து, கோட்டை வாசல்வரை தானே நடந்து போய் அனுப்பினான்.

புலவர் தினம் வந்து கேட்டார். உத்தரவுக்காகக் கேட்டார். "ஆச்சு" என்பான் ராஜா, அத்தோடு சரி. வழக்கத்தையே எடுத்துவிட்டேன் என்று பறையறைந்தும் பார்த்தான். பழகிய பயம், ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்திலிருந்து சவரிராயனின் ஓலை வந்தது. இன்னொரு அர்த்தமோ என்று ராஜா அவசரமாகப் பிரித்தான். ஒரே வரிதான் இருந்தது.

"மகாராஜா, சாப்பிட்டாச்சா?"

ராஜா ஓலையை மடியில் வைத்துக்கொண்டு, இலை போடச் சொன்னான்.