மூடிக்கு உள்ளே ஒரு பெயர்

"டீச்சர், இந்தச் சனியன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

ஷம்ஷாத் டீச்சர் தலையைத் தூக்கவில்லை. "எதுங்ணா?"

"கவுன்டருதானுங்க. திருகித் திருகிச் சரி பண்றேன். கொஞ்ச நேரம் மரியாதையா நிக்குது. அப்புறம் கடைசி மூணு நம்பரும் தவளையாட்டம் குதிக்குது."

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆயுசு பூராவும் டி.வி. ரிப்பேர் பார்த்தவர். டீச்சருக்கு முப்பத்தாறு. அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் பழைய அளவுக் கருவிக்குச் சீக்கு வந்தால், கோயமுத்தூர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடிவருவது அவருடைய மாடிப் பட்டறைக்குத்தான்.

கவுன்டர் என்பது, ஒரு மின் துடிப்பு நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று எண்ணிச் சொல்லும் பெட்டி. எண்ணுவதற்கு உள்ளே ஒரு கிரிஸ்டல் தாளம் போடும். அது சரியான நோஞ்சான். சூடு துளி ஏறி இறங்கினாலும் தாளம் தப்பிவிடும். அதனால் அதைத் தீப்பெட்டி அளவு ஓவனுக்குள் உட்காரவைத்து, ஒரே சூட்டில் வைத்திருப்பார்கள்.

அந்த ஓவன்தான் செத்துக் கிடந்தது. கருகிப்போன டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்து மாற்றியது நாச்சிமுத்துவேதான். சூடும் வந்துவிட்டது. அப்புறமும் என்ன கேடு?

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைச் சரிசெய்தவர் தன் பேரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டலாம். வேலை முழுசாக முடிந்த பிறகுதான் ஒட்டவேண்டும். மூடியின் உள்பக்கம்தான் ஒட்டவேண்டும்.

டீச்சரிடம் வேலை பழக வந்து இரண்டு வருஷமாகியும் நாச்சிமுத்துவின் பேர் ஒரு பெட்டியிலும் ஏறவில்லை. இந்தக் கவுன்டருக்குக் காலையிலேயே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் பெட்டிக்காரர் வருகிறார். அதற்குள் நம்பர் நிற்காவிட்டால் வேலை டீச்சர் கைக்கு மாறிவிடும். பேரும் போச்சு.

டீச்சரின் பேரையும் அவர் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டார். டீச்சர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெரிய மனசு என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"ஓவன் சூடா இருக்குங்களா?" என்றார் டீச்சர்.

"நல்லாவே இருக்குதுங்க. இப்பத்தான் திறந்து தொட்டுப் பார்த்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பவும் தொட்டுப் பார்த்தேனே. நம்ம கண் பார்வையில இருக்கோணுமில்லீங்க!"

டீச்சர் எழுந்துவந்தார். பெட்டியை மூடினார். ஸ்க்ரூடிரைவரைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்ணா, பேக்கரிக்குப் போலாம்."

"சாயங்காலம் ஆள் வந்துருவாருங்க!"

"வரட்டும்."

பேக்கரி கீழேயே இருந்தது. மாஸ்டர் அப்போதுதான் பன் தட்டை ஓவனுக்குள் தள்ளினார்.

"மாஸ்டர், வெந்துருச்சுங்களா? திறங்க, பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

"இப்பத்தானுங்க வெச்சேன்." ஆனாலும் கேட்டது டீச்சராயிற்றே, திறந்து காட்டினார்.

டீ வந்தது. டீச்சர் ஒரு வாய் குடித்தார். "இப்ப?"

மாஸ்டர் முறைத்தார். திறந்தார். படாரென்று மூடினார்.

"இப்பப் பார்த்தா என்னங்க?"

மாஸ்டர் கைத்துணியை மேஜையில் ஓங்கி அடித்தார். "டீச்சர்! இப்படிப் பார்த்துட்டே இருந்தா அது எப்படீங்க வேகும்?"

டீச்சர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "அட கர்மமே" என்று தலையில் கையை வைத்தார்.

"இன்னொரு டீ சொல்லட்டுங்களாண்ணா?"

"சொல்லுங்க. பன்னும் சொல்லுங்க. வேகட்டும், இருந்து சாப்பிட்டுட்டே போலாம்."

பன் வெந்தது. தின்றார்கள். மாஸ்டரைச் சமாதானப்படுத்தினார்கள். மேலே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

நம்பர் குதிக்கவில்லை. சோதனைத் துடிப்புக்கு வரவேண்டிய நம்பருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது, ஆனால் நின்றது. டீச்சர் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாக நாச்சிமுத்து ஒரே ஒரு திருகு திருகினார்.

ஒன்று. அதன் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள். ஒன்றுகூட அசையவில்லை.

"டீச்சர்!" என்று கத்தினார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. சட்டைப்பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்தார். பின்தாளை உரித்தார். மூடியின் முதல் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது.

பூஜ்யங்களைப் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த தன் பேரைப் பார்த்தார்.

"டீச்சர்... ஒட்டணும்னா திறக்கோணுமுங்களே?"

"ஆமாங்ணா."

டீச்சர் தன் மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே அடிப்பலகையே தெரியவில்லை. ஷம்ஷாத், ஷம்ஷாத், ஷம்ஷாத் என்று மேலும் கீழுமாக ஸ்டிக்கர்கள்.

"ஒவ்வொரு தடவையும் ஆசை ஆசையா எழுதிடறேங்ணா" என்றார். "உரிச்சப்புறம்தான் ஞாபகம் வருது."

நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

டீச்சர் டிராயரை இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"ஓரத்துல இடமிருக்கு பாருங்க."