மூடாத உப்பு

பங்குனி மாதம் அளத்தில் குவித்திருந்த உப்பு முழுக்கக் கரைந்து போயிற்று. ஒரு கைப்பிடி மிஞ்சவில்லை. எப்படி என்று சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னே வெள்ளோடைச் சீமையை முடிகொண்டான் என்று ஒரு ராஜா ஆண்டான். கோணல் புத்திக்காரன். மாடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பான். அங்கே தெரிகிற வானம்தான் சீமை முழுவதுக்கும் வானம் என்பான். அரண்மனை ஜோசியர் ஏகாம்பரம் அதற்கு ஒத்து ஊதுவார். மாசி முடிந்ததும் அவர் சொல்வதைத் தண்டோராக்காரன் ஊர் ஊராக முழக்குவான். கடைசியில் சொன்னவர் பேரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது அந்தச் சீமை வழக்கம்.

அந்த வருடம், "பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் மழை கிடையாது! சொன்னவர் ஜோசியர் ஏகாம்பரம்!"

எட்டுக் காதம் தள்ளிக் கடற்கரை. அங்கே உப்பளம். உப்பை அம்பாரமாகக் குவித்ததும் மேலே பனையோலை போட்டு மூடிவிடுவார்கள். மழை வந்தாலும் வராவிட்டாலும் மூடுவார்கள். பல்லக்கில் அந்தப் பக்கம் போன ஜோசியர் அதைப் பார்த்துவிட்டார். பொறுக்கவில்லை.

"உப்பள ஜனங்கள் என் வாக்கை நம்பவில்லை, மகாராஜா. அப்படியென்றால், உங்கள் தண்டோராவையே நம்பவில்லை" என்று போட்டுக் கொடுத்தார்.

"ஓலையைப் பிடுங்கி எறி!" என்றான் ராஜா.

எறிந்தார்கள். பத்தாம் நாள் கரையில் மூன்று நாழிகை கொட்டித் தீர்த்தது. அரண்மனையில் ஒரு சொட்டு இல்லை.

அளத்துத் தலைவியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"இங்கே தரை காய்ந்து கிடக்கிறது. அங்கே மட்டும் எப்படிப் பெய்யும்? உப்பைக் கப்பலேற்றிவிட்டு மழைமேல் பழி போடுகிறாயா?" என்றான் ராஜா.

"பெய்தது, சாமி. அளத்தில் அத்தனை பேரும் பார்த்தோம்."

"திருடிக்குத் திருடர்கள் சாட்சியா?" என்றார் ஜோசியர்.

"உனக்குச் சிறை. உன் ஆட்கள் முப்பது குடும்பமும் சீமையை விட்டு வெளியே" என்றான் ராஜா.

அவள் அழவில்லை. "சரி, சாமி. அதற்கு முன்னால் ஒரு காரியம். ஜோசியர் ஐயா தம்முடைய ஏடுகளை எங்கள் அளத்து வரப்பில் பரப்பி வைக்கட்டும். சித்திரை முடிகிறவரைக்கும், திறந்த வெளியில். நனையாவிட்டால் நான் திருடிதான். தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

"நியாயம்தான். ஏகாம்பரம், ஏடுகளைக் கட்டும்."

ஜோசியர் முகம் செத்துவிட்டது. "பாட்டனார் காலத்து ஏடு, மகாராஜா..."

"மழைதான் கிடையாதே?"

"கிடையாது. இருந்தாலும் மேலே ஓர் ஓலையைப் போட்டு மூடி..."

"ஐயையோ, மூடலாமா?" என்றாள் அவள். "அரண்மனை ஜோசியரை நம்பாத மாதிரி ஆகிவிடுமே!"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "கரையில் மழை உண்டா, இல்லையா? ஒரே சொல்."

"தெரியாது, மகாராஜா. மாடத்திலிருந்து கரை தெரியாது."

அதே மாடத்தில் நின்றவன்தானே ராஜாவும்? பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நீ சொல். சித்திரையில் மழை உண்டா?"

"இந்த ஊருக்கு எனக்குத் தெரியாது, சாமி. மலைப்பக்கமும் தெரியாது. அங்கங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள். எங்கள் கரையில் காற்று திரும்பினால் முதல்நாளே சொல்வேன். அதுவும் தப்பலாம். அதற்குத்தான் ஓலை."

ராஜா சிறையையும் முப்பது குடும்பத்தை விரட்டுவதையும் ரத்து செய்தான். அரண்மனைப் பனந்தோப்பிலிருந்து நூறு கட்டு ஓலை கொடுத்தான். மலைக்கு ஒருவர், வயல்காட்டுக்கு ஒருவர், கரைக்கு இவள் என்று வானம் பார்க்க வைத்தான். ஜோசியருக்குச் சித்திரை முழுக்க அளத்தில் அம்பாரம் மூடுகிற வேலை.

சித்திரை ஐந்தாம் நாள் கரைக்கு மட்டும் தண்டோரா. "நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது! உப்பை மூடுங்கள்!" மறுநாள் கொட்டியது. ஒரு கல் உப்பு கரையவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. அன்று தண்டோராக்காரன் கடைசியில் பேர் சொல்ல வாய் திறந்தவன், விழித்தான். சபையில் ஒருத்தரும் அவள் பேரைக் கேட்டிருக்கவில்லை. அம்பாரத்தின் மேல் ஓலையும் கையுமாக நின்ற ஏகாம்பரம்தான் கத்தினார்:

"சொன்னவள் வெயிலுகந்தாள் என்று சொல்லடா!"