கீழே போன கோட்டை

ஜெர்மனியில் ஒரு குன்றின் மேல் குனோ பிரபுவின் கோட்டை இருந்தது. இருந்தது என்றால், பாதி இருந்தது. கோபுரத்துக்குக் கூரை கிடையாது. கூடத்துக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாது. என் வீட்டில் ஓர் ஓடு நகர்ந்தாலே எனக்குச் சோறு இறங்காது. குனோ குடும்பத்தாரோ நல்ல காற்றோட்டம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

போருக்குப் புறப்பட்ட அரசர் ஓர் ஆணை போட்டார்: "என் தூதர் வரும்வரை எவன் கோட்டையை விட்டு வெளியே போகாமல் இருக்கிறானோ, அவனுக்கே இனி அந்தக் கோட்டையின் பிரபு பட்டம்."

குனோவும் மனைவி ஹெட்விக்கும் தம்பி ஏபர்ட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வருஷம் பெய்த மழையில் சுவர்கள் சரிந்து, கற்கள் அடிவாரத்துக்கு உருண்டன.

"அண்ணா, கோட்டை கீழே போகிறது" என்றான் ஏபர்ட்.

"எவ்வளவு போயிற்று?"

"பாதிக்கு மேல்."

குனோவுக்கு முகம் வெளுத்தது. "அப்படியானால் நாம் இப்போது கோட்டைக்கு வெளியேயா இருக்கிறோம்?"

"அதுதானே பார்த்தேன், என்னடா இப்படிக் குளிருகிறதே என்று!" என்றாள் ஹெட்விக்.

எனக்கும் இது நியாயமாகத்தான் படுகிறது. என் புத்தி அவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்க விவாதித்துவிட்டு, பனி உருகியதும் மூவரும் கற்களைத் தேடிக் கீழே ஓடினார்கள். அதற்குள் மாத்தேஸ் என்ற குடியானவன் அந்தக் கற்களால் பன்றிக் கொட்டில் கட்டி, ஒரு பன்றியையும் விட்டிருந்தான்.

"ஐயா, இது பன்றிக் கொட்டில்" என்று அவன் குறுக்கே நின்றான்.

"கல் யாருடையது?" என்றார் குனோ.

"உங்களுடையதுதான்."

"அப்படியானால் இது கோட்டை. தள்ளி நில்."

மூவரும் தவழ்ந்து உள்ளே போனார்கள். "கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒழுகாத கூரையை இன்றுதான் பார்க்கிறேன்" என்று ஹெட்விக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோடையில் தூதர் வந்தார். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எப்போதிலிருந்து கோட்டைக்குள் இருக்கிறீர்கள்?"

"பனி உருகியதிலிருந்து."

"அதற்கு முன்?"

"வெளியே, குன்றின் மேல் இருந்தோம்." பொய் பேசுகிற வம்சமில்லை அது.

தூதர் பன்றியைக் காட்டினார். "இது?"

"கட்டின நாளிலிருந்து உள்ளேதான் கிடக்கிறது ஐயா. வெளியே காலே வைத்ததில்லை" என்றான் மாத்தேஸ்.

ஆணை ஆணைதானே. பட்டச் சங்கிலியைப் பன்றியின் கழுத்தில் போட்டு, வணங்கிவிட்டுத் தூதர் கிளம்பினார்.

குனோ பன்றியின் முன் மண்டியிட்டார். "பிரபுவே, நாங்கள் இங்கேயே தங்கிக்கொள்ளலாமா?"

பன்றி ஓர் உறுமல் உறுமிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

"என்ன இவர், கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல் தூங்குகிறார்?" என்றாள் ஹெட்விக்.

"மெல்லப் பேசு" என்றார் குனோ. "பிரபுவாக இருந்தபோது நானும் இப்படித்தானே ஆட்சி செய்தேன்."