எழுத மறந்த தர்பார்

வெள்ளாத்தூர் சமஸ்தானத்துல அரண்மனைக் கோமாளி நான்தான். பேரு மருதப்பன். மூணாங்கிளாசுல மூணு வருஷம் குந்தியிருந்தும் ஒரு எழுத்து என்கிட்ட ஒட்டல.

எங்களை மேய்க்க வெள்ளைக்காரன் வச்ச அதிகாரி பிங்லே துரை. பள்ளிக்கூடம் கட்டுனாரு, கூரைதான் போடல. ஆனா தர்பார்ல வாசக்காவக்காரன் வரைக்கும் எழுதப் படிக்க வச்சுட்டேன்னு மெட்ராசுக்கு ரிப்போர்ட்டு எழுதி, பெரிய பதவியும் வாங்கிட்டாரு.

இந்தக் கூத்த எங்க ராஜாவே எழுதி, பேரில்லாம பத்திரிகையில போட்டுட்டாரு. துரை அச்சாபீசப் பூட்டி, அங்க கெடந்த, ராஜா கைப்பட எழுதுன காகிதத்தக் கையில புடிச்சிக்கிட்டாரு. நாளைக்கு ராஜாவுலேருந்து அத்தனை பேரும் தன் முன்னால நாலு வரி எழுதணும், எவன் கை பொருந்துதோ அவன் தொலைஞ்சான்னுட்டாரு.

பொருந்துனா சிம்மாசனமே போயிரும். ராஜாவுக்கு சோறு இறங்கல. "என்னடா பண்றது?"ன்னாரு.

"என்னைய மொதல்ல விடுங்க மகாராஜா. நான் செய்யிறதையே எல்லாரும் செய்யட்டும். நீங்களுந்தான்."

மறுநாள் துரை பேனாவ நீட்டுனாரு. அத முன்னயும் பின்னயும் பாத்துட்டுக் கீழ வச்சேன். கட்டை விரல மையில முக்கி, காகிதத்துல ஒரு அமுக்கு.

"நீ என் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தானே?"

"ஆமாங்க துரை. நல்லாப் படிச்சேன்னு பரிசு குடுத்ததே நீங்கதான்."

பின்னாலயே வரிசையா விரல் நீண்டுச்சு. நேத்து வரைக்கும் இங்கிலீசுல சண்டை போட்ட திவான் விரலு. புலவர் விரலு. கடைசியா ராஜா விரலு. மொத்தம் அம்பத்தாறு ரேகை.

துரை மூஞ்சி செவந்துபோச்சு. இந்தக் காகிதக் கட்ட அப்படியே மெட்ராசுக்கு அனுப்புறேன்னாரு.

"தாராளமா அனுப்புங்க துரை. கூடவே உங்க ரிப்போர்ட்டையும் வச்சுருங்க. பாக்குறவங்களுக்குத் தேடுற வேலை மிச்சம்."

துரை அம்பத்தாறையும் கிழிச்சாரு, அந்தப் பழைய காகிதத்தையும் சேத்து. அச்சாபீசு சாவியும் வந்துருச்சு.

ராஜா வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாரு. என்ன வேணும்னு கேட்டாரு. பத்துக் காணி நெலம் எழுதிக் குடுங்கன்னேன்.

"எழுதவா? எனக்கு எழுதத் தெரியாதுன்னு நீதானடா ஆக்கிவச்ச?" வெறுங்காகிதத்துல ரேகைய மட்டும் வச்சுக் குடுத்தாரு. "வேணுங்கிறத நீயே எழுதிக்க."

நான் எங்க போயி எழுத? திவானக் கேட்டேன். துரை ஊர விட்டுப் போற வரைக்கும் எனக்கும் எழுத்து தெரியாதேப்பான்னுட்டாரு. துரை இன்னும் போகல. காகிதம் மடியிலயே இருக்கு.