லூர்து மேரியின் நாலு நொடி

“முகம் ஏன்மா சீப்புப் பல்லு மாதிரி கிழிஞ்சு தெரியுது?”

சவரிமுத்து நாலாவது நாளாக இதே கேள்வியைக் கேட்டார்.

பெனாசிர் வேலையை நிறுத்தவில்லை. பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவது அவள் தொழில். அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவள். திண்டுக்கல்லில் முப்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்த மனுஷர், இந்த வயதில் அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. வெட்கப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

திரையில் நின்றது அவர் மனைவி லூர்து மேரி. அவள் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நினைவுப் பூசை. சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும். ஆதார் அட்டையில் அவளைப் பார்த்தால் போலீஸ் பிடித்து வந்தவள் போல இருக்கிறாள்.

அந்த முப்பது வருஷமும் அவர் பக்கத்தில் நின்று லைட் பிடித்தவள் அவள். லைட் பிடிக்கிறவளை யார் படம் எடுக்கிறார்கள்? ஒரே ஒரு கல்யாணத்தில், கேமரா தற்செயலாகத் திரும்பியதில், நாலு நொடி விழுந்திருக்கிறாள். முகத்தைத் திருப்பிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு அவருக்கு வேண்டும்.

“புது மானிட்டர் வாங்கிட்டேன். நொடிக்கு நூத்தி நாப்பத்தி நாலு தடவை படத்தைப் புதுசாப் போடுமாம்.”

“இருக்கிற பாதியைத்தான் அத்தனை தடவையும் போடும்.”

“பாதியா?”

“உங்க கேமரா ஒரு தடவைக்கு ஒத்தைப்படை வரிய மட்டும் எடுக்கும். அடுத்த தடவை ரெட்டைப்படை வரி. ரெண்டையும் கோத்தாத்தான் ஒரு படம். பின்னாடி இருக்கிற சுவரு அசையல, ஒழுங்காச் சேர்ந்துருச்சு. அக்கா அதுக்குள்ள திரும்பிட்டாங்க.”

“அந்த மீதிப் பாதி?”

“எடுக்கவே இல்லண்ணே.”

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். தோள் தேய அவர் சுமந்த கேமரா அது.

“கம்ப்யூட்டர் நிரப்பிக் குடுக்காதா?”

“குடுக்கும். பக்கத்து வரியப் பார்த்து அதுவா ஒரு கன்னம் போடும். போடச் சொல்லவா?”

“அவ கன்னம்தான் வேணும்.”

பெனாசிர் இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

“இந்த நாலு நொடிய எத்தனை தடவை ஓட விட்டுப் பார்த்தீங்க?”

“ஓட விடலையே. சிரிக்கிற இடத்துல நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன்.”

எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து பழகியவர். விரல் தானாக அங்கே போய் நின்றுவிடும்.

அவள் எழுந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய குண்டு டிவியை இழுத்து வைத்தாள். கேசட்டை டெக்கில் போட்டு டிவிக்கு வயரைச் சொருகினாள்.

“இதுவும் பாதி பாதியாத்தான் காட்டும். உங்க கண்ணே கோத்துக்கும். கைய மட்டும் கட்டிக்குங்க.”

பேண்டு செட் அலறியது. லூர்து மேரி திரும்பினாள். கிழிசல் இல்லை, சீப்புப் பல் இல்லை. நாலே நொடி, ஆனால் முழு முகம்.

“இன்னொரு தடவை போடும்மா.”

போட்டாள்.

“இன்னொரு தடவை.”

மூன்றாவது தடவை நாற்காலியை நகர்த்திக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். லூர்து மேரி லைட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“சிரிக்கலம்மா,” என்றார்.

“பின்ன?”

“கை வலிக்குதுங்கன்னு சொல்றா.”

பெனாசிரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

திரையில் கேமரா மாப்பிள்ளை பக்கம் திரும்பியிருந்தது.