அதிகாரி ஓட்டிய கார்

கோயம்புத்தூரில் குழந்தைவேலு என்றொரு மெக்கானிக். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, என்ஜினையும் சைலன்சரையும் மாற்றி உயிர் கொடுத்திருந்தார். புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான்.

அந்தக் காருக்கு ஒரு குணம். நாலு மைல் விரட்டி என்ஜின் சூடேறினால் புகையே இருக்காது. ஆறிக் கிடந்தால் செங்கல் சூளை தோற்கும். அது தெரிந்தே புகைப் பரிசோதனை அதிகாரி தணிகாசலம் வண்டியை மூன்று மணி நேரம் வரிசையில் காக்கவைத்தார். "நீ ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஆறினபடியே டெஸ்ட்!"

"சரிங்க சார். இரும்புக் கடைக்குப் போற வண்டி, கடைசியா ஒரு நல்ல டிரைவர் கை பட்டாத் தேவலைங்க. ஆனா இதை அடக்க உங்களால ஆகாதுங்க."

"என்னாலயா ஆகாது? எடு சாவியை!"

பைபாஸில் பறந்துவிட்டு, அரை மணி கழித்து மீசையைத் தடவிக்கொண்டே வந்திறங்கினார் தணிகாசலம். அதே மிதப்பில், "வைங்க டெஸ்ட்டை!" என்றார். வண்டி பாஸ். வரிசையே சிரித்தது.

குழந்தைவேலு கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க சூடு பண்ணிக் குடுக்கலேன்னா என் வண்டி பொழச்சிருக்காதுங்க. சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்." நெஞ்சாரத்தான் சொன்னார்.

மறுவருஷம் வரிசையில் நின்றபோது, தணிகாசலமே தேடி வந்து கையை நீட்டினார்.

"சாவியைக் குடுய்யா. வண்டி ஆறிப் போயிருக்கும்."